தென்னார்க்காட்டுக் கரையில் கிறித்தவ இல்லறம்

நம் மன்றத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று செயலாளர் கேட்டபோது, கோயிற் கல்வெட்டு பற்றியோ துறைமுக வாணிகம் பற்றியோ எழுதிவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே அவற்றுக்குக் குறைவில்லை. எண்ணத்தை மாற்றியவள் முதுகலை மாணவி ஒருத்தி. தொல்காப்பியக் கற்பியலை நடத்திக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து, "அம்மா, களவில் அன்பு முதலில் வருகிறது, மணம் பின்னால் வருகிறது. எங்கள் வீடுகளில் மணம் முதலில் வருகிறதே, அன்பு எப்போது வரும்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அவளுக்குத் திருமணம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

கற்பு என்னும் சொல்லைக் கற்றல், கற்பித்தல் என்பவற்றோடு இயைத்துப் பொருள்சொல்லும் மரபு நம் உரையாசிரியர்களிடம் உண்டு. அவ்வாறு கொண்டால் மணத்துக்குப் பின்வரும் அன்பு கற்றுக்கொள்ளப்படுவது என்றாகிறது. கிறித்தவ வேதத்திலும் இதற்கு ஓர் இணை உள்ளது. தீத்துவுக்கு எழுதிய மடலில், மூத்த பெண்கள் இளம்பெண்களுக்குத் தம் கணவரை நேசிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று பவுல் சொல்கிறார். எபேசியர்க்கு எழுதிய மடலில் அக்கடமையைக் கணவர் மேல் இன்னும் கடுமையாகவே சுமத்துகிறார். இவ்விரு மரபுகளும் சந்தித்த இடங்களுள் ஒன்று நம் தென்னார்க்காட்டுக் கரை. கிறித்தவச் சமயத்தின் தமிழக வரலாற்றை எழுதியோர் குருமார், கோயில்கள், அச்சுக்கூடங்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டனர். அவர்கள் வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தது அரிது. போரும் பஞ்சமும் வந்தபோது வீடு என்ன ஆயிற்று என்பதே எனக்கு முதன்மையான கேள்வியாகப் படுகிறது.

இலக்கியத்திலிருந்து தொடங்குவதே நம்மவர்க்கு எளிது. விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னையின் கோயில் இருக்கிறது. முகாசாபரூர்க் கச்சிராயர் ஆதரவோடு வீரமாமுனிவர் அதனை எழுப்பினார் என்பது அப்பகுதியின் மரபு. இத்தாலியில் பிறந்து தமிழ் கற்ற அம்முனிவர் 1726இல் முடித்த தேம்பாவணி 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவன் மன்னனல்லன், போர்வீரனல்லன். அவன் ஒரு தச்சன், ஒரு கணவன். சூசை என்னும் பெயரின் எபிரேயப் பொருளைக் கொண்டு 'வளன்' என்று முனிவர் தமிழாக்கிய அப்பெயர், ஆக்கம் தருவது என்னும் பொருளது. இராமனையும் கோவலனையும் அறிந்த தமிழ்க் காப்பிய உலகத்தில், மனைவியின்பால் கொண்ட ஐயத்தை வென்று அவளோடு நின்றதையே வீரமாகக் கொண்ட தலைவன் இவனே என்று துணிந்து சொல்வேன்.

கதையை நினைவுகூர்வோம். துறவு நோன்பு பூண்ட வளனும் மரியும் இறைவன் ஆணையால் மணம் கொள்கின்றனர். சில திங்களில் அவள் கருவுற்றிருப்பதை அவன் காண்கிறான். காரணம் அறியான், அவளும் சொல்லாள். அவளைப் பழிக்கு ஆளாக்கவும் மனம் வரவில்லை, உடன்வாழவும் இயலவில்லை. ஆகவே பிரிந்து போகத் துணிகிறான். வானவன் வந்து உண்மை உரைத்த பிறகே அவன் மனம் தெளிகிறது. அதன்பின் எகித்து நாட்டுக்கு அகதியாய்ப் பெயர்கிறான், வேற்றூரில் கைத்தொழில் செய்து வீட்டைக் காக்கிறான், நோயுற்று மனைவியும் மகனும் அருகிருக்க உயிர்விடுகிறான். காப்பியத்தின் பெரும்பகுதி நிகழ்வது இந்த வறிய வீட்டில்தான். இதற்கு முனிவர் ஸ்பானியத் துறவி ஆகிர்தா மரியாளின் நூலை மூலமாகக் கொண்டார் என்பர். ஆனால் ஐயுற்ற கணவனின் உள்ளத்தை விரித்துரைக்கும் முறையில் அகத்திணையின் சாயல் படிந்திருக்கிறது. மூலம் எதுவாயினும் தமிழுக்கு வந்தபோது அது மருதத்தையும் பாலையையும் கடந்தே வந்தது.

காப்பியத்து வீட்டிலிருந்து ஏட்டு வீடுகளுக்கு வருவோம். கடலூர் வணிகர் குடும்பத்தில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த ஆறுமுகம் என்பார், தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்தோர் இங்கு நடத்திய அறப்பள்ளியின் ஆசிரியர் வழியாகக் கிறித்தவத்தை அறிந்து 1718இல் ஆரோன் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். 1733 டிசம்பர் 28ஆம் நாள் குருப்பட்டம் பெற்றபோது இந்திய மண்ணின் முதல் லுத்தரன் குருவானவர் ஆனார். 1745இல் இறக்கும்வரை தஞ்சைச் சீமையின் ஊர்களில் நடந்தே பணிசெய்தார். மிஷன் அறிக்கைகளில் இத்தகைய தமிழ் ஊழியர்களின் உழைப்பு விரிவாகவே பதிவாகியுள்ளது. அவர்தம் மனைவியரோ பெரும்பாலும் 'இன்னார் மனைவி' என்ற அளவில் நின்றுவிடுகின்றனர். கணவன் சமயம் மாறினால் சுற்றம் விலகும். கிணற்றடியிலும் வாசலிலும் அந்த விலகலை நாள்தோறும் சந்தித்தவள் அவளே. அவள் பெயரைக் கேட்டு எழுத ஒரு வரி போதுமாயிருந்திருக்கும்.

பெயர் பதிவான ஒருத்தியைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். 1740இல் கடலூருக்கு வந்தவர் யோவான் சக்கரியா கியர்நாண்டர். சுவீடன் நாட்டில் பிறந்தவர். ஜெர்மனியின் ஹாலே நகரில் பயிற்சி பெற்று, இலண்டன் கிறித்தவ அறிவு பரப்பும் சங்கத்தின் ஆதரவில் அனுப்பப்பட்டவர். கூடலூர் என்று பழம்பெயர் கொண்ட இந்நகரும், அதன் வடபால் தேவனாம்பட்டினத்திலிருந்த புனித டேவிட் கோட்டையும் அப்போது ஆங்கிலக் கம்பெனியின் கையில் இருந்தன. 1690இல் எலைகு யேல் ஆளுநராயிருந்தபோது மராத்தியரிடமிருந்து கோட்டையை வாங்கினர். பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரையுள்ள நிலம் சேரும் என்பது ஒப்பந்தம். அவ்வாறு சேர்ந்த ஊர்களைக் 'குண்டு கிராமங்கள்' என்று அழைக்கும் வழக்கை இப்பகுதியினர் அறிவர். குண்டு விழுந்த இடத்தில்தான் கியர்நாண்டர் குடியேறினார் என்று சொன்னால் அது உருவகமன்று. இங்குப் பணிசெய்த காலத்தில் வெந்தெலா பிஷர் என்னும் பெண்ணை மணந்தார்.

1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. கம்பெனியின் தலைமையிடம் கடலூர்க் கோட்டைக்கு மாறி 1752 வரை இங்கேயே இருந்தது. அந்த ஆறாண்டுகளில் போர்ப்படைகள் இந்நகரை அணுகாத ஆண்டுகள் சிலவே. பள்ளி நடத்துவது, தமிழர்க்கும் போர்த்துகீசியர்க்கும் போதிப்பது, தாய்தந்தையற்ற பிள்ளைகளைக் காப்பது என அனைத்தும் இந்த இரைச்சலுக்கு நடுவே நடந்தன. 1749இல் கம்பெனியார், பிரெஞ்சுச் சார்புடையோர் என்று ஐயுற்றுக் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி, அவர்களது கோயிலைக் கியர்நாண்டரிடம் ஒப்படைத்தனர். மிஷன் வரலாறுகள் இதனை இறைவன் அருளிய உதவியாகவே எழுதின. ஒரு சபையின் அருள் மற்றொரு சபையின் இழப்பாக இருந்ததை அவை கண்டுகொள்ளவில்லை. வெளியேற்றப்பட்டோரின் கோயிலில் தமிழ்க் கத்தோலிக்கர்களும் வழிபட்டிருந்தனர். துன்பத்தில் விசுவாசம் என்று பேசும்போது அவர்களையும் சேர்த்தே பேசுவது நேர்மை.

இழந்தவர் யார், பெற்றவர் யார் என்ற கணக்கு ஒன்பதே ஆண்டில் புரண்டது. 1758 மே மாதம் லாலியின் படை கடலூரைக் கைப்பற்றியது. சூன் 2ஆம் நாள் கோட்டையும் பணிந்தது. லாலி அதனைத் தகர்த்தெறியச் செய்தான். தேவனாம்பட்டினத்துக் கெடிலக் கழிமுகத்தின் அருகே இன்று எஞ்சியிருப்பவை சில இடிபாடுகளே. பதினெட்டாண்டு உழைப்பும் உடைமையும் சில நாட்களில் போக, கியர்நாண்டர் குடும்பம் தரங்கம்பாடிக்குச் சென்றது. அங்கிருந்து கப்பலேறிச் செப்டம்பர் இறுதியில் கல்கத்தாவை அடைந்தது.

ஆண் வரலாற்றாசிரியர்கள் இந்தப் பயணத்தைப் புதிய மிஷனின் தொடக்கமாக எழுதிச் செல்வர். நான் ஒரு செய்தியில் நின்றுவிட்டேன். அவ்வாண்டு முடிவதற்குள் கல்கத்தாவில் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். இராபர்ட் வில்லியம் என்று பெயர் சூட்டினர். கடலூர்க் கோட்டையில் முன்பு அதிகாரியாயிருந்த கிளைவ் அவனது ஞானத்தந்தையருள் ஒருவர். திங்களைப் பின்னோக்கி எண்ணிப் பார்க்கின், கோட்டை முற்றுகையிடப்பட்டபோது வெந்தெலா கருவுற்றிருந்தார் என்பது தெரியும். பீரங்கி ஓசை, தரங்கம்பாடிப் பயணம், வங்கக் கடலின் மழைக்காலக் கப்பல் என எல்லாவற்றையும் அந்த உடலோடு கடந்தார். கிளைவின் பெயர் எல்லா நூலிலும் வருகிறது. வெந்தெலா வருவது இரண்டு இடங்களில் மட்டும்: மணந்தபோது ஒன்று, 1761இல் இறந்தபோது மற்றொன்று.

மறு ஆண்டே கியர்நாண்டர் செல்வம் மிக்க கைம்பெண் ஆன் என்பவரை மணந்தார். கல்கத்தா ஊரார் இதனை எள்ளி நகையாடினர்; எள்ளல் அச்சேறியும் விட்டது. பொருளுக்காகச் செய்த மணம் என்பது அவர்களது தீர்ப்பு. அத்தீர்ப்பை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. அச்செல்வத்தில் பெரும்பகுதி கோயிலாயிற்று. 'செப வீடு' எனப் பொருள்படும் எபிரேயப் பெயரோடு 1770 டிசம்பரில் அது வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. பழைய மிஷன் கோயில் என்று இன்றும் கல்கத்தாவில் நிற்கிறது. 1773இல் ஆன் இறந்தபோது தம் அணிகலன்களை மிஷன் பள்ளிக்கென எழுதிவைத்தார். அந்த நகைகளை விற்ற பணத்தில் பள்ளிக்கூடம் எழுந்தது. கணவனின் கனவில் தனக்கும் பங்குண்டு என்று கருதாத ஒருத்தி சாகும்போது நகைப்பெட்டியைப் பள்ளிக்கு எழுதிவைப்பாளா? அன்பு எப்போது தொடங்கிற்று என்று ஆவணம் சொல்லாது. எங்கே போய்ச் சேர்ந்தது என்று இந்த நன்கொடை சொல்லுகிறது. முதுமையில் கியர்நாண்டருக்குப் பார்வை மங்கியது. மகன் கட்டடத் தொழிலில் இறங்க, கடன் பெருகியது. 1787இல் அக்கோயிலே கடனுக்காக ஏலத்துக்கு வரும் நிலையில், சார்லஸ் கிராண்ட் முதலியோர் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து மீட்டனர். சின்சுராவில் டச்சுக்காரர்க்குக் குருவாக எளிய வாழ்வு வாழ்ந்து 1799இல் கியர்நாண்டர் மறைந்தார். இரு மனைவியரும் அப்போது இல்லை.

இனி வருவது சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடத்துக்கு அப்பால். சீர்காழியிலும் பின்னர் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) நம் மன்றத்தார்க்கு அறிமுகம் வேண்டாதவர். குளத்தூர்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் அவரைத் தமிழ் நாவலின் தந்தையாக அறிந்த அளவுக்கு, மனைவியரை அடுத்தடுத்து இழந்த கணவராக நாம் அறிந்ததில்லை. மரணம் அவர் இல்லத்தை ஒருமுறைக்கு மேல் வெறுமையாக்கிற்று. தாயற்ற பிள்ளைகளை வளர்த்தபடியே வழக்குகளைத் தீர்த்தார். மேலதிகாரியோடு ஏற்பட்ட மனத்தாங்கலால் 1872இல் பதவியும் போயிற்று. உடல்நலமும் உடன்வரவில்லை. இந்த ஆண்டுகளில்தான் தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மாள் பதிகம் முதலியன பிறந்தன. கோணான்குப்பத்து அன்னையின் பெயர் இங்கே மீண்டும் வருவதைக் கவனிக்க வேண்டும். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். தில்லைக்குப் போக ஏங்கிய நந்தனைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கிறித்தவரின் கொடையைப் புகழ்ந்து கீர்த்தனம் பாடினார். திருவாவடுதுறை மடத்தின் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரையே பாட்டுடைத்தலைவராக்கிக் குளத்தூர்க் கோவை இயற்றினார். கோவை என்பது களவு முதல் கற்பு ஈறாக அகத்துறைகளை நிரல்படக் கோப்பது. சைவப் பெரும்புலவர் ஒருவர் கிறித்தவ நண்பருக்குக் காணிக்கையாகத் தேர்ந்தது இல்வாழ்வின் இலக்கணம் பாடும் ஒரு வகைமை என்பதை நான் தற்செயல் என்று கருதவில்லை.

1879இல் அச்சேறிய பிரதாப முதலியார் சரித்திரத்தை இந்தப் பின்புலத்தில் மறுபடி படித்துப் பார்க்க வேண்டும். வேடிக்கைக் கதைகளின் தொகுப்பு என்று அதனைக் குறைத்துப் பேசுவோர் உளர். கதையைச் சொல்பவன் யார் என்பதை அவர்கள் கருதுவதில்லை. கணவனே சொல்கிறான், அதுவும் மனைவி தன்னினும் அறிவில் மிக்கவள் என்று ஒளியாமல் சொல்கிறான். ஞானாம்பாள் அவனுக்கு உறவுப் பெண், உடன் படித்தவள். சம்பந்திகளின் பிணக்கால் மணம் தடைப்படுகிறது, பின் கூடுகிறது, மணத்தின் பிறகும் பிரிவும் அலைச்சலும் தொடர்கின்றன. ஆண்வேடம் பூண்ட அவளை யானை மாலையிட்டு விக்கிரமபுரிக்கு அரசாக்குகிறது. கணவனுக்கு அங்கே இரண்டாம் இடமே. தமிழில் உரைநடைப் புதினம் என்ற ஒன்று பிறந்தபோதே அதன் நடுப்பொருள், மணந்துகொண்ட மனைவியை மேலும் மேலும் அறிந்துகொள்ளும் கணவன் என்பது நமக்குப் பெருமை. அதற்காக முன்சீப்பைப் புகழ்ந்துகொண்டே இருக்க வேண்டுவதில்லை. நாடாளும் ஆற்றலுடையவள் கடைசியில் வேடம் களைந்து வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவர் காலத்தின் எல்லை அதுவே. 1869இல் பெண்மதி மாலை எழுதிப் பெண்கல்விக்கு வாதாடியவரும், 1887இல் சுகுண சுந்தரியில் குழந்தை மணத்தைக் கண்டித்தவரும் அந்த எல்லையைத் தாண்டவில்லை.

வளன், பிரதாபன் என்னும் இவ்விரு கணவரையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஓர் ஒற்றுமை புலனாகிறது. இருவரும் மனைவியைப் பற்றித் தாம் அறியாத ஒன்றை எதிர்கொள்கின்றனர். ஒருவனுக்கு அது ஐயமாகவும் மற்றவனுக்கு வியப்பாகவும் வருகிறது. இருவர் அன்பும் முழுமை பெறுவது அதன் பிறகே. மேனாட்டார் வந்துதான் கணவன் மனைவியை நேசிக்கக் கற்றான் என்று சிலர் எழுதுவது வரலாற்றுப் பிழை. கற்பியலை உடைய மொழிக்கு அதைக் கற்றுத்தர எவரும் கப்பலேறி வரவேண்டியதில்லை. ஆயின் அந்த அன்பைக் கணவன் வாயால், தன்மையில், உரைநடையில் சொல்லவைத்தது இந்தச் சந்திப்பின் விளைவு என்பதை மறுப்பதற்கில்லை.

கடைசியாகப் பரங்கிப்பேட்டை. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் இரயிலில் போகிறவர்கள் அந்நிலையத்தை எளிதில் தவறவிடுவர். டேனிஷ் மிஷனைச் சேர்ந்த அன்ன மரியா பீட்டர்சன், எஸ்தர் பேரிங் என்னும் இரு பெண்கள் 1917 சனவரியில் அகமதாபாத் சென்று காந்தியடிகளைச் சந்தித்தனர். அது முதல் எஸ்தருக்குக் காந்தி எழுதிய கடிதங்கள் 1956இல் நவஜீவன் வெளியீடாக நூலுருப் பெற்றன. அடிமை நாட்டின் தலைவரோடு மிஷனரிப் பெண் நட்புக் கொள்வதை மிஷனும் விரும்பவில்லை, அரசும் விரும்பவில்லை. எஸ்தர் மிஷனை விட்டு விலகினார். 1920இன் தொடக்கத்தில் ஆசிரமத்தில் தங்கினார். அங்கும் சமையலறை எளிதாக இல்லை. கஸ்தூர்பாவோடு ஏற்பட்ட மனவருத்தத்தை ஆற்றக் காந்தி எழுதிய வரிகள் அக்கடிதங்களில் உள்ளன. கிறிஸ்துவை விடாமலும் இந்தியாவை விடாமலும் வாழ்வது எவ்வளவு கடினம் என்பதை எஸ்தர் தேவாலயத்தில் கற்றதைவிட அடுப்படியில் கற்றதே அதிகம் போலும்.

பீட்டர்சன் மணம் செய்துகொள்ளவில்லை. அந்நிய அரசின் பிடிக்கு உட்படாத தேசியக் கல்வியும், தம் நாட்டு அறிஞர் குருண்ட்விக்கின் மக்கட்கல்விக் கொள்கையும், கைராட்டையும் ஒன்றுகூடும் பெண்பள்ளி ஒன்றைக் கனவு கண்டார். 1921 செப்டம்பரில் காந்தியடிகளே பரங்கிப்பேட்டைக்கு வந்து அடிக்கல் நாட்டினார். அதுவே சேவா மந்திர். 1951இல் மறையும்வரை பீட்டர்சனின் வீடு அதுவாகவே இருந்தது. இல்லறம் என்பதை நாம் குறுகப் பொருள்கொள்வோமாயின் அவருக்கு இக்கட்டுரையில் இடமில்லை. நான் அவ்வாறு கொள்ளவில்லை.

எஸ்தர் மணந்தது மேனன் என்னும் மலையாள மருத்துவரை. வெள்ளை மிஷனரிப் பெண் இந்தியரை மணப்பதை ஆளும் இனத்தார் பொறுக்காத காலம் அது. டென்மார்க்கிலும் இந்தியாவிலுமாக அவர்கள் குடும்பம் வளர்ந்தது. பின்னர்ப் பரங்கிப்பேட்டையில் பீட்டர்சனின் பணிக்கு அருகே சில காலம் வாழ்ந்தனர். அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். சிறையிலிருந்தும் ஆசிரமத்திலிருந்தும் எழுதிய கடிதங்களில் காந்தி அக்குழந்தைகளை மறவாமல் விசாரிக்கிறார், அவர்களுக்கு முத்தம் அனுப்புகிறார். தாயின் மொழி டேனிஷ், தந்தையின் மொழி மலையாளம். இளையவள் பெயரோ அக்கடிதங்களில் 'தங்கை' என்றே வருகிறது.